1 நோட்ரம்புக்கு மேல் எதிராளி குறுக்கே வந்தால்: லெபென்சோல் முதல் டபுள் வரை முழு வழிகாட்டி

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பார்ட்னர் 1 நோட்ரம்ப் (துருப்பு சூட் இல்லாமல் ஏழு பிடி எடுப்போம்) என்று திறந்தவுடன் ஏலம் பாதி முடிந்த மாதிரி. 15–17 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1), சமச்சீரான கை. மிச்சக் கணக்கு நம் கையில். 2♣ ஸ்டேமன் (மேஜரில், அதாவது ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ, நாலு சீட்டு உண்டா என்ற கேள்வி), 2♦, 2♥ டிரான்ஸ்பர் (அதற்கு அடுத்த மேல் சூட்டைப் பார்ட்னரைச் சொல்ல வைப்பது), 8–9 இருந்தால் இன்விடேஷன் (கேமுக்கு அழைப்பு), 10 இருந்தால் கேம் (பெரிய போனஸ் தரும் ஒப்பந்தம்). இந்த வசதியைப் பறிக்கத்தான் எதிராளி நடுவில் 2♠ என்கிறார். அவருக்குப் பெரிய கை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு ஒரு முழு லெவல் இடம் போய்விட்டது, அவருக்கு அது போதும்.

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். 1 நோட்ரம்ப் – (2♠) – நீங்கள். உங்களிடம் ஆறு டைமண்ட். 3♦ என்கிறீர்கள். அது "6 புள்ளிதான், இதோடு நிறுத்து" என்றா, "9 இருக்கிறது, யோசி" என்றா, "12 இருக்கிறது, கேமுக்குப் போயே ஆகணும்" என்றா? ஒரே பிட் (ஏல அறிவிப்பு), மூன்று அர்த்தம். பார்ட்னர் ஊகிக்க வேண்டியதுதான். லெபென்சோல் என்பது இந்த ஊகத்தைக் குறைக்க, 3♦-க்கு இரண்டு பாதை போட்டுக் கொடுக்கும் முறை. ஒன்று நேர்வழி, இன்னொன்று 2 நோட்ரம்ப் வழியாகச் சுற்றிப் போவது. (பெயருக்குரிய கென் லெபென்சோல்ட் இதை உருவாக்கியது தான் இல்லை என்றே சொல்லிவிட்டார். பெயரின் எழுத்தும் மாறிப்போய் அப்படியே நிலைத்துவிட்டது.)

கீழே உள்ள எண்கள் எல்லாம் 15–17 நோட்ரம்புக்கு. 12–14 ஆடுகிற ஜோடி, பதில் சொல்பவரின் புள்ளியை மூன்று ஏற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் படி: அந்த பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்

எதிராளி 2♦ என்றால் டைமண்ட்தான் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. இன்று நோட்ரம்புக்கு எதிராக ஆடப்படுபவற்றில் பல செயற்கை பிட்கள் (சொன்ன சூட்டையே குறிக்காதவை). அடிக்கடி எதிர்ப்படுபவை நான்கு:

லாண்டி: 2♣ என்றால் இரண்டு மேஜரும். மற்றவை சொன்ன சூட்தான்.

கப்பெல்லெட்டி (ஹாமில்டன் என்றும் பெயர்): டபுள் பெனால்டிக்கு (எதிராளி தோற்பார் என்று அபராதத்தை ஏற்றுவது). 2♣ ஏதோ ஒரு நீள சூட், 2♦ இரண்டு மேஜர், 2♥ அல்லது 2♠ அந்த மேஜரும் ஒரு மைனரும் (கிளப் அல்லது டைமண்ட்).

டோன்ட்: மார்ட்டி பெர்கனுடையது. டபுள் ஏதோ ஒரு நீள சூட். 2♣ கிளப்பும் அதற்கு மேலான ஒன்றும். 2♦ டைமண்டும் ஒரு மேஜரும். 2♥ இரண்டு மேஜர். 2♠ ஸ்பேட் மட்டும்.

மல்டி லாண்டி: 2♣ இரண்டு மேஜர், 2♦ ஏதோ ஒரு மேஜரில் ஆறு சீட்டு, 2♥ அல்லது 2♠ அந்த மேஜர் ஐந்தும் ஒரு மைனரும்.

பெயரைச் சொன்னால் திருப்தி அடையாதீர்கள். "டோன்ட்" என்று ஒருவர் சொல்வதும் அடுத்த மேஜையில் ஒருவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. எந்த சூட், எத்தனை சீட்டு, எவ்வளவு பலம் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் முறை வரும்போது மட்டும்.

நமக்குத் தேவையான கேள்வி உண்மையில் ஒன்றுதான்: அவர் கையில் உறுதியாகத் தெரிந்த சூட் ஏதாவது உண்டா? இருந்தால் லெபென்சோல் ஓடும், அந்த சூட்தான் "எதிராளி சூட்". இல்லையென்றால் வழி கொஞ்சம் மாறும்.

டபுள் வந்தால்

டபுளுக்குப் பலம் என்ற அர்த்தமே இல்லாதபோது (டோன்ட் டபுள் மாதிரி) எதையும் மாற்றாதீர்கள். 2♣ ஸ்டேமன், 2♦ டிரான்ஸ்பர், எல்லாம் பழையபடி. ரீடபுள் (அவர்கள் டபுளை மீண்டும் இரட்டிப்பது) என்றால் 8-க்கு மேல் இருக்கிறது, அவர்கள் ஓடும் இடத்தில் பிடித்து அடிக்கலாம் என்று பொருள்.

பெனால்டி டபுள் வேறு கதை. உங்களிடம் 3 புள்ளியும் ஒரு ஐந்து சீட்டு சூட்டும் இருந்தால் 1 நோட்ரம்ப் டபுளில் உட்கார்ந்திருப்பது ஆபத்து: வல்னரபிளாக (போனஸும் அபராதமும் கூடும் நிலையில்) இருந்து இரண்டு பிடி குறைந்தால் 500, மூன்று என்றால் 800. தப்பி ஓடுவதற்கு எளிய ஏற்பாடு இது. ஒற்றை நீள சூட் இருந்தால் ரீடபுள்; ஓப்பனர் 2♣ சொல்வார், நீங்கள் பாஸ் செய்யலாம் அல்லது சொந்த சூட்டுக்குத் திருத்தலாம். 2♣ என்றால் கிளப்பும் மேலே ஒன்றும், 2♦ என்றால் டைமண்டும் ஒரு மேஜரும், 2♥ என்றால் இரண்டு மேஜரும். பாஸ் என்றால் இங்கேயே இருப்போம். இதில் கொடுக்கும் விலை: பலத்துக்காக ரீடபுள் செய்ய முடியாது. அது சின்ன விலை அல்ல. 1 நோட்ரம்ப் ரீடபுளில் ஏழு பிடி எடுத்தால் 560, வல்னரபிள் என்றால் 760. டபுளில் அதே ஏழு பிடிக்கு 180தான். ஆனால் ஓட வேண்டிய கைதான் அடிக்கடி வரும், அதனால் ஓட்டத்துக்கு வைப்பதே சரி.

2♣ வந்தால்

இங்கேயும் லெபென்சோல் வேண்டாம். 2♣ நம்மிடமிருந்து பறித்தது ஸ்டேமனை மட்டும்தான். அந்த இடத்தில் டபுளை வையுங்கள். டபுள் ஸ்டேமன், 2♦-உம் 2♥-உம் டிரான்ஸ்பர், மற்றதெல்லாம் முன்பு போலவே. 2 நோட்ரம்புக்கு அவர் குறுக்கே வராதபோது என்ன அர்த்தமோ அதே அர்த்தம்.

ஒரே விதிவிலக்கு, 2♣ இரண்டு மேஜரையும் காட்டும் நேரம். அப்போது மேஜரில் நாலு தேடி ஸ்டேமன் கேட்பது வீண் வேலை. டபுள் என்றால் 8-க்கு மேல், குறைந்தது ஒரு மேஜரையாவது அடிக்கத் தயார். 2♦ இயல்பானது, போட்டிக்கு மட்டும். அவர்களுடைய இரண்டு சூட்டையும் நம் சூட்டுக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்: 2♥ என்றால் நல்ல கிளப், 2♠ என்றால் நல்ல டைமண்ட், இரண்டும் இன்விடேஷனுக்குக் குறையாதவை. கீழது கீழதற்கு, மேலது மேலதற்கு என்று நினைவு வைக்கலாம்.

2♦, 2♥, 2♠ வந்தால்: லெபென்சோல்

இங்கேதான் ஜோடிகள் வழுக்குவது. ஒவ்வொரு பிட்டாகப் பார்ப்போம்.

இரண்டாம் லெவலில் சூட் சொன்னால் (2♦-க்கு மேல் 2♥ அல்லது 2♠, 2♥-க்கு மேல் 2♠) ஐந்து சீட்டு, பலவீனம், பாஸ் செய். இது டிரான்ஸ்பர் இல்லை. இந்த ஒரு வரியை மறந்து விழுந்த ஜோடிகள் ஏராளம்.

மூன்றாம் லெவலில் நேராக சூட் சொன்னால் ஐந்து சீட்டுக்குக் குறையாது, கேமுக்கு ஃபோர்சிங். ஓப்பனர் பாஸ் செய்யக் கூடாது.

2 நோட்ரம்ப் ஒரு கட்டளை: "3♣ சொல்." 2 நோட்ரம்பிலேயே நிற்கும் எண்ணம் அதில் இல்லை. ஓப்பனர் 3♣ சொன்ன பிறகு:

– பாஸ்: எனக்கு கிளப்தான்.
– எதிராளி சூட்டைவிடக் கீழான சூட்: பலவீனம், நிறுத்து.
– எதிராளி சூட்டைவிட மேலான சூட்: இன்விடேஷன். பலவீனமாக இருந்திருந்தால் இரண்டாம் லெவலிலேயே சொல்லியிருக்கலாமே, சுற்றி வந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.
– எதிராளி சூட்டையே சொல்வது: ஸ்டேமன், கையில் ஸ்டாப்பர் (அந்த சூட்டில் எதிராளியைத் தடுக்கும் சீட்டு) உண்டு.
– 3 நோட்ரம்ப்: ஆடத்தான், ஸ்டாப்பர் உண்டு.

2 நோட்ரம்ப் வழியாகப் போகாமல் நேராக எதிராளி சூட்டைச் சொன்னால் ஸ்டேமன், ஆனால் ஸ்டாப்பர் இல்லை. நேராக 3 நோட்ரம்ப் சொன்னால் 10-க்கு மேல் உண்டு, மேஜரில் நாலு இல்லை, ஸ்டாப்பரும் இல்லை. சுற்றிப் போனால் உண்டு, நேரே போனால் இல்லை. சில ஜோடிகள் இதைத் தலைகீழாக ஆடுவார்கள். இரண்டும் ஓடும், மேஜையில் ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் ஆடுவதுதான் ஓடாது.

கைகளை வைத்துப் பார்க்கலாம். ஏலம் 1 நோட்ரம்ப் – (2♠) – நீங்கள்:

♠ 8-3 ♥ 7-4 ♦ குயின்-ஜாக்-10-8-6-3 ♣ கிங்-7-4

6 புள்ளி. 2 நோட்ரம்ப், பார்ட்னர் 3♣, நீங்கள் 3♦. ஓப்பனரிடம் 17 புள்ளியும் டைமண்டில் நாலும் இருந்தாலும் பாஸ்தான். "என் கை அழகாக இருக்கிறதே" என்று 3 நோட்ரம்ப் சொல்லும் ஓப்பனர், ஸ்பேட் லீடில் (முதலில் இறக்கும் சீட்டு) ஐந்து பிடி கொடுத்துவிட்டுப் பிறகு டைமண்ட் ஏஸ் எங்கே என்று தேடுவார்.

இப்போது ஓவர்கால் (எதிராளியின் குறுக்கு பிட்) 2♥:

♠ கிங்-ஜாக்-10-7-4 ♥ 8-2 ♦ ஏஸ்-9-5 ♣ 7-6-3

8 புள்ளி, நல்ல ஐந்து ஸ்பேட். 2 நோட்ரம்ப், 3♣, பிறகு 3♠. ஸ்பேட் ஹார்ட்டுக்கு மேலானது என்பதால் இது இன்விடேஷன். டைமண்ட் ஏஸுக்குப் பதில் 3 என்ற சீட்டு இருந்தால் 4 புள்ளிதான்: 2♠ சொல்லி முடியுங்கள். கிளப்பில் ஒரு கிங் கூடுதலாக இருந்தால் 11: நேராக 3♠. ஒரே சூட், ஒரே வடிவம், மூன்று பலம், மூன்று பாதை. லெபென்சோலின் முழுப் பயனும் இந்த ஒரு கையில் தெரியும்.

மீண்டும் 2♠ ஓவர்கால்:

♠ 7-2 ♥ கிங்-குயின்-8-5 ♦ ஏஸ்-ஜாக்-6 ♣ குயின்-9-4-3

12 புள்ளி, ஹார்ட் நாலு, ஸ்பேடில் ஒன்றுமில்லை. நேராக 3♠. ஓப்பனரிடம் ஹார்ட் நாலு இருந்தால் 4♥. இல்லாமல் ஸ்பேடில் ஸ்டாப்பர் இருந்தால் 3 நோட்ரம்ப். இரண்டும் இல்லையென்றால் நான்காம் லெவலில் மைனர். ஸ்பேட் 7-2 இருந்த இடத்தில் கிங்-2 இருந்தால் முதலில் 2 நோட்ரம்ப், பிறகு 3♠. அப்போது ஸ்டாப்பர் இல்லாத ஓப்பனர்கூடத் தைரியமாக 3 நோட்ரம்ப் சொல்லலாம்.

2♠ ஓவர்காலில் ஒரு இழப்பு உண்டு. ஸ்பேடுக்கு மேல் சூட் இல்லை, ஆகவே சுற்றிப் போகும் எல்லா சூட்டும் பலவீனம், நேராகச் சொல்வதெல்லாம் கேம். நடுவில் இருக்கும் 8–9 புள்ளிக் கைக்கு சூட்டில் இன்விடேஷன் கிடையாது. நல்ல ஆறு சீட்டு இருந்தால் ஏற்றிக் கேமுக்குப் போங்கள், சுமாரான ஐந்து என்றால் இறக்குங்கள். சமச்சீரான 8–9 கைக்கும் இயல்பான 2 நோட்ரம்ப் போய்விட்டது. அந்தக் கையை டபுளில் ஏற்ற வேண்டும்.

2 நோட்ரம்புக்குப் பிறகு நான்காவது ஆள் 3♠ என்று மேலும் ஏற்றினால்? ஓப்பனருக்கு இனி 3♣ சொல்லும் கடமை இல்லை. பாஸ் செய்யட்டும், நீங்கள் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பலவீனமாக இருந்தால் நீங்களும் பாஸ், கேம் கை என்றால் டபுள்.

நம் டபுள்: அடிக்கவா, கேட்கவா?

பழைய பழக்கத்தில் 1 நோட்ரம்ப் – (2♠) – டபுள் என்றால் பெனால்டி. இன்று பெரும்பாலான போட்டி ஜோடிகள் அதை டேக்அவுட்டாக (பார்ட்னரை ஒரு சூட் சொல்லக் கேட்பதாக) ஆடுகிறார்கள். எங்கள் பரிந்துரையும் அதுவே. காரணம் எண்ணிக்கை. எதிராளி ஆறு ஸ்பேடோடு வரும்போது உங்களிடம் நாலு நல்ல ஸ்பேட் இருப்பது அபூர்வம். ஸ்பேடில் இரண்டும் ஹார்ட்டில் நாலும் 8–9 புள்ளியும் இருப்பது சர்வசாதாரணம்.

டேக்அவுட் டபுளுக்கு 8-க்கு மேல் புள்ளி, சொல்லப்படாத மேஜரில் நாலு. 2♦-க்கு மேல் என்றால் ஏதாவது ஒரு மேஜரில் நாலு. ஓப்பனர் சூட் சொல்லலாம், ஸ்டாப்பரோடு 2 நோட்ரம்ப் சொல்லலாம், எதிராளி சூட்டில் நல்ல நாலு இருந்தால் பாஸ் செய்து அடிக்கலாம்.

இங்கே உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். ஓவர்கால் செய்தவருக்கு அடுத்து ஆடுபவர் நீங்கள். உங்களிடம் கிங்-ஜாக்-9-4 இருந்தால் அவருடைய ஏஸ்-குயினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு சீட்டும் தன் மதிப்பைக் காட்டும். ஓப்பனரோ அவருக்கு முன்னால். அதே கிங்-ஜாக்-9-4 ஓப்பனரிடம் இருந்தால் அவருடைய ஏஸ்-குயின் அதன்மேல் உட்கார்ந்துவிடும். ஆகவே ஓப்பனர் பாஸ் செய்து அடிக்க நினைத்தால் குயின்-ஜாக்-10 மாதிரி அடுத்தடுத்த சீட்டுகள் இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த நாலு போதாது.

சரி, உங்களிடமே அந்தக் கிங்-ஜாக்-9-4 இருந்தால்? பாஸ் செய்து காத்திருங்கள். இரண்டு பாஸுக்குப் பிறகு ஓப்பனர், எதிராளி சூட்டில் இரண்டே சீட்டு வைத்திருந்தால், டபுள் போட்டு ஏலத்தைத் திறந்துவிட வேண்டும். நீங்கள் பாஸ், அடி விழுந்தது. இந்தக் கடைசி ஒப்பந்தம் இல்லாமல் டேக்அவுட் டபுளை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஜோடி, நல்ல பெனால்டி எல்லாவற்றையும் 50, 100-க்கு விட்டுக்கொடுக்கும்.

டபுளில் விட்டுவிடும் முன் கணக்கும் பாருங்கள். 2♦ டபுள் எட்டு பிடியோடு வென்றால் அவர்களுக்கு 180. 2♠ டபுள் வென்றால் அதுவே கேம்: 470, வல்னரபிள் என்றால் 670. இந்தப் பக்கம், வல்னரபிளான எதிராளியை ஒரே ஒரு பிடியில் இறக்கினால்கூட 200. ஜோடிப் போட்டியில் நம் எந்தச் சிறிய கான்ட்ராக்டையும்விட அது அதிகம். அதனால் அவர்கள் வல்னரபிளாக இருக்கும்போதுதான் ஆசைப்பட வேண்டும்.

மறைந்திருக்கும் சூட்களும் மூன்றாம் லெவலும்

மல்டி லாண்டி 2♦ மாதிரி எந்த மேஜர் என்று தெரியாத பிட்டுக்கு டபுள் வெறும் பலம்: 8-க்கு மேல். அடுத்த சுற்றில் அவர்கள் சூட் தெரிந்த பிறகு டேக்அவுட்டா பெனால்டியா என்று முடிவு செய்யலாம். 2♥, 2♠ இயல்பானவை, பலவீனம். 2 நோட்ரம்ப் லெபென்சோல்தான். கப்பெல்லெட்டி 2♣-க்கு, முன்னால் சொன்னபடி, டபுள் ஸ்டேமன்.

இரண்டு சூட்டில் ஒன்று மட்டும் தெரிந்தால் (டோன்ட் 2♦ மாதிரி) தெரிந்த சூட்டையே எதிராளி சூட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிராளி நேராக 3♦, 3♥ என்று தாவினால் லெபென்சோலுக்கு இடமே இல்லை. டபுள் டேக்அவுட், புதிய சூட் ஃபோர்சிங், 3 நோட்ரம்ப் உண்மையாகவே ஆடத்தான்.

எங்கே உடைகிறது

முதலாவது, "திருடிய பிட்" டபுளை எல்லா இடத்துக்கும் நீட்டுவது. 2♣-க்கு மேல் அது அருமையான யோசனை. 2♦-க்கு மேல் "டபுள் என்றால் நான் சொல்ல நினைத்த 2♦, அதாவது ஹார்ட்" என்று தொடர்ந்தால், ஹார்ட்டை 2♥ என்று நேராகவே சொல்ல முடியும்போது டபுளை அதற்குச் செலவழித்துவிட்டீர்கள். டேக்அவுட்டும் போச்சு, பெனால்டியும் போச்சு.

இரண்டாவது, 3♣-ஐ மீறும் ஓப்பனர். எவ்வளவு நல்ல கை என்றாலும் 2 நோட்ரம்புக்கு 3♣ சொல்லிவிடுங்கள். பார்ட்னர் 3 புள்ளியும் ஆறு கிளப்பும் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

மூன்றாவது, மறதி. 2 நோட்ரம்பை ஓப்பனர் இயல்பானதாக எண்ணி பாஸ் செய்தால் மேஜையில் எழும் மௌனம் தனி ரகம். லெபென்சோல் எப்போது ஓடாது என்ற பட்டியலை (டபுள், 2♣, மூன்றாம் லெவல்) ஒரு தாளில் எழுதி வைத்தால் மறதி பாதி குறையும்.

இதே 2 நோட்ரம்ப், எதிராளி வீக் டூ (பலவீனமான கையோடு இரண்டாம் லெவலில் ஒரு சூட்) திறந்து பார்ட்னர் டபுள் செய்த இடத்திலும் பயன்படும்: (2♥) – டபுள் – (பாஸ்) – 2 நோட்ரம்ப் என்றால் 0–7, நேராக மூன்றாம் லெவல் என்றால் 8–11. ஒருமுறை மனதில் பதிந்தால் இரண்டு இடத்தில் பலன்.

லெபென்சோல் பழகிய பிறகு ரூபென்சோல் பக்கம் போகலாம். அதில் 2 நோட்ரம்பிலிருந்தே டிரான்ஸ்பர்: 2 நோட்ரம்ப் கிளப்புக்கு, 3♣ டைமண்டுக்கு, இப்படி. சூட்டை உடனே காட்டிவிடுவதால் எதிராளி ஏற்றினாலும் ஓப்பனர் இருட்டில் இல்லை. ஆனால் நினைவுச் சுமை அதிகம். மாதம் இரண்டு முறை சேர்ந்து ஆடும் ஜோடிக்கு அது தேவையில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடைசியாக மேஜை நடத்தை. லெபென்சோல் 2 நோட்ரம்ப் செயற்கை பிட். போட்டி விதிப்படி அலர்ட் (எதிராளிக்கு எச்சரிக்கை) செய்யுங்கள். எதிராளி கேட்டால் "லெபென்சோல்" என்று பெயர் சொல்லி நிறுத்தாமல், "3♣ சொல்லச் சொல்கிறார், பலவீனமான சூட்டாக இருக்கலாம், ஸ்டாப்பரோடு கேம் கையாகவும் இருக்கலாம்" என்று விளக்குங்கள். பார்ட்னர் அலர்ட் செய்ய மறந்தாலோ, "11 புள்ளி, நோட்ரம்ப் இன்விடேஷன்" என்று தவறாக விளக்கினாலோ அதை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. அவர் சரியாகவே விளக்கியதாக எண்ணி, அதே பாதையில் ஏலத்தைத் தொடருங்கள். தவறான விளக்கத்தைத் திருத்துவது ஏலம் முடிந்த பிறகு, நீங்கள் டிக்ளேரர் (ஒப்பந்தத்தை ஆடுபவர்) அல்லது டம்மி (சீட்டைத் திறந்து வைக்கும் அவர் பார்ட்னர்) என்றால் லீடுக்கு முன், டிஃபெண்டர் என்றால் ஆட்டம் முடிந்தபின்.